வண்டி நின்ற பிறகும்

சத்தம் முதலில் வந்தது பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில் வந்திருந்தால் அவள் காதில் போட்டுக்கொண்டிருக்கவே மாட்டாள். மலைப்பாதையில் ஓடுகிற பழைய ஜீப் என்றால் நாலு சத்தம் வரத்தான் செய்யும். சாலை பாய் விரித்தாற்போல் சமமாகக் கிடந்த இடத்தில், பின்பக்கத்திலிருந்து இரும்பும் இரும்பும் மோதியதுபோல் ‘டங்’ என்று ஒன்று கேட்டது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒன்று.

கல்குவாரிக்குப் பன்னிரண்டு வருடமாக ஜீப் ஓட்டுகிறவள் அவள். மணி நாலுதான் ஆகியிருந்தது. ஆனால் மழை விட்டதும் இறங்கிய மூடுபனி, வண்டியின் முகப்பு விளக்கை இரண்டு மஞ்சள் கறைகளாகச் சுருக்கி, அதற்கு அப்பால் உலகமே இல்லை என்பதுபோல் அடைத்து நின்றது. ஈர மண்ணின் வாடையும் டீசல் வாடையும் கலந்து தொண்டையில் கசந்தன. பின்னால் நீளவாட்டு இருக்கையில் தங்கை முழங்காலை நெஞ்சோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தாள். காலையில் சாதாரண வயிற்றுவலி என்று ஆரம்பித்தது; மதியத்துக்குள் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. தொட்டுப் பார்த்த குவாரி நர்ஸ் முகம் மாறி, குடல்வால் வெடித்திருக்கும் போலிருக்கிறது, இருட்டுவதற்குள் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, அதற்குமேல் நான் எதுவும் சொல்ல முடியாது என்றாள். இந்தச் சேற்றில் ஆம்புலன்ஸ் ஏறாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி குவாரியில் இது ஒன்றுதான். அம்மாவைப் புதைத்தபோது தங்கைக்கு ஆறு வயது. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே அக்காதான்.

டங்.

“என்னக்கா அது?”

“ஒண்ணுமில்ல குட்டி. வண்டிச் சத்தம். நீ கண்ண மூடிக்கோ.”

சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிற மெக்கானிக் ஒருவர் அடிவாரத்தில் இருந்தார். ‘காதுக்காரர்’ என்றுதான் ஊரே கூப்பிடும்; அவர் வீட்டில் மட்டும், பொண்டாட்டி கூப்பிட்டால் கேட்காத காது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவள் போனில் அவரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு இருக்கையில் வைத்தாள். அவர் நிதானமாக ஒவ்வொன்றாய்க் கேட்டார். பிரேக் போட்டுப் பார்க்கச் சொன்னார். சத்தத்தில் மாற்றம் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்து விடச் சொன்னார். அதே சத்தம். இடதும் வலதுமாக ஸ்டியரிங்கை ஒடித்தாள். அதே சத்தம். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினாள். எஞ்சின் அடங்க, சேற்றில் டயர் நசுங்குகிற ஓசைக்கு நடுவே, முன்பைவிடத் தெளிவாக வந்தது.

டங். இடைவெளி. டங்.

“வேகமா போனா சத்தமும் வேகமா வருதா?” என்று கேட்டார்.

அவள் கவனித்தாள். இல்லை. முப்பதில் போனாலும் பத்தில் ஊர்ந்தாலும் அதே இடைவெளி. சக்கரத்தோடு சுற்றுகிற எந்தச் சாமானும் அப்படிச் சத்தம் போடாது. அது அவளுக்கே தெரியும்.

அவர் அந்தச் சத்தத்தை இன்னும் இரண்டு தடவை கேட்டார். பிறகு, ஸ்டெப்னி நட்டு தளர்ந்திருக்கலாம், இல்லையென்றால் அடியில் கிராஸ் ஜாயின்ட் போயிருக்கலாம் என்றார். ஜாயின்ட் விட்டுப்போனால் சக்கரத்தைச் சுற்றவைக்கிற ஷாஃப்ட் கழன்று கீழே விழும். அப்புறம் வண்டி நின்ற இடத்தில் நின்றதுதான். நிறுத்தி ஒரு நிமிஷம் பார்த்துவிடு என்றார்.

நிறுத்த அவளுக்கு மனமே இல்லை. ஆனால் நிறுத்தாமல் போய் நடுவழியில் ஷாஃப்ட் விழுந்தால் தங்கை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, டார்ச்சோடு இறங்கினாள்.

பின்கதவில் மாட்டியிருந்த ஸ்டெப்னியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. சேற்றில் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தாள். முதுகில் தண்ணீர் ஊறி ஏறியது. ஷாஃப்டைப் பிடித்து முறுக்கினாள், ஆட்டமே இல்லை. ஸ்பிரிங் பட்டைகள் ஒழுங்காக இருந்தன. ஷாக் அப்சார்பர், புஷ், சைலன்ஸர், எல்லாவற்றையும் டார்ச்சின் பின்புறத்தால் தட்டித் தட்டிப் பார்த்தாள். எதிலும் குறை இல்லை. சூடான இரும்பு மட்டும் பனியில் குளிர்ந்து ‘டிக் டிக்’ என்று முனகிக்கொண்டிருந்தது.

டங்.

அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

வண்டி ஓடவில்லை. எஞ்சின் ஓடவில்லை. சத்தம் அவள் காலுக்கு நேர் மேலே, பின்கதவின் தகட்டில்.

டங். டங்.

மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கதவுக்கு வெளியே ஒருவர் நின்று தட்டினால் அவர் கால்கள் தெரிய வேண்டிய இடம். அங்கே டார்ச் வெளிச்சத்தில் ஈரச் சாலை தெரிந்தது. அவளே சற்றுமுன் பதித்த செருப்புத் தடங்கள் தெரிந்தன. வேறு ஒன்றுமில்லை.

எப்படி வெளியே வந்தாள், எப்படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. போனில் அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“அண்ணே…”

“எஞ்சின் ஆஃப்லதானம்மா இருக்கு?”

“ஆமாண்ணே.”

“உன் தங்கச்சி எழுந்து தட்டுறாளா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். தங்கை அப்படியே சுருண்டு, உதடு வெளுத்து, கண் மூடிக் கிடந்தாள். “அவளால அசையக்கூட முடியாதுண்ணே.”

“முப்பது வருஷமா வண்டிச் சத்தம் கேக்கிறேன்” என்றார் அவர். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. “இது வண்டி போடுற சத்தம் இல்ல. வண்டிய எடு. எதுக்கும் நிறுத்தாத.”

அதோடு சிக்னல் போய்விட்டது.

அவள் ஓட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். சத்தமும் கூடவே வந்தது. ஒரே சீராக, அவசரமே இல்லாமல், உள்ளே ஆள் இருப்பது தெரிந்து காத்திருக்கிறவர் தட்டுவதுபோல். கொண்டை ஊசி வளைவில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டியிருந்தது. ஆறாவது வளைவு. ஏழாவது. முதுகில் சில்லென்று காற்று பட்டது. ஜன்னல் இடுக்கு என்று நினைத்தாள். எட்டாவது வளைவைக் கடந்தபோதுதான் உணர்ந்தாள். சத்தம் இல்லை.

காத்திருந்தாள். நூறு வரை மனதுக்குள் எண்ணினாள். இல்லை. எஞ்சின் உறுமல் மட்டும், சேறு தெறிக்கிற ஓசை மட்டும். கண்ணீர் தன்னால் இறங்கியது. இன்னும் எட்டு கிலோமீட்டர். இருட்டுவதற்குள் போய்விடலாம். எப்படியும் போய்விடலாம்.

“நின்னுடுச்சு குட்டி. கேட்டியா? நின்னுடுச்சு.”

“ம்” என்றாள் தங்கை. வலியே இல்லாத குரல். தூங்கி எழுந்த குரல். “நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.”

அவள் கை ஸ்டியரிங்கில் உறைந்தது.

“வளைவுல மெதுவா போனியே, அப்ப. பாவம்க்கா. எவ்வளவு நேரம்தான் தட்டுவாங்க?”

வண்டிக்குள் ஈர மண்ணின் வாடை நிறைந்திருந்தது. வெளியிலிருந்து வருகிற வாடை இல்லை. ஆழத்திலிருந்து தோண்டி எடுத்த மண்ணின் வாடை.

பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

தங்கை நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள். அவள் தலை ஒரு மடியில் இருந்தது. மடிக்கு மேலே, கண்ணாடியில் முகம் தெரிய வேண்டிய உயரத்தில், பனி மட்டும் இருந்தது. சேறு அப்பிய விரல்கள் தங்கையின் கூந்தலை மெதுவாகக் கோதின. நிதானமாக. பிரியமாக.

பிரேக்கை மிதிக்கலாம். மிதித்தால்? போகலாம். போனால்? அவளுக்குத் தெரியவில்லை. கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

டங்.

பின்கதவில். வெளியே.

டங். டங். இடப்பக்கத் தகட்டில். வலப்பக்கத்தில். கூரையில்.

“குட்டி, படு. எழுந்திருக்காத. அக்கா சொல்றதக் கேளு.”

கண்ணாடியில், மதியத்திலிருந்து அசைய முடியாமல் கிடந்தவள், எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடியில் சேறு சொட்டியது. சிரித்தமுகமாக, விருந்தாளி வந்த வீட்டுப் பெண்போல, ஓடுகிற வண்டியில் தள்ளாடாமல் நடந்துபோய், கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“வரேன், வரேன்” என்றாள். “எத்தனை பேர் நிக்கிறீங்க?”