மூன்று வட்டங்கள்

செவ்வாயின் ஆறாம் குடியிருப்பில் காலையில் பல் துலக்கியதும் எல்லோரும் கண்படலத்தை ஒட்டிக்கொள்வார்கள். விழிமேல் ஈரம்போல் படியும் மெல்லிய தாள் அது. குடியிருப்பின் இணையதளம் அதில்தான் தெரியும்: அன்றைய காற்றழுத்தம், பள்ளி அறிவிப்பு, உணவுக்கூடப் பட்டியல்.

தளத்தின் அபாயப் பக்கத்தை ஐந்து மாதமாகப் புதிதாக வடிவமைத்தார்கள். வண்ணம், அசைவு எல்லாம் முடிந்து, குடியிருப்பு மன்றம் முத்திரையிட்டு, பக்கத்தைத் தளத்தில் ஏற்றிய பிறகுதான் அமுதவாணியை அழைத்தார்கள். தளத்துக்கு வாசகம் எழுதுபவள் அவள்.

பக்கத்தில் மூன்று அழகான வட்டங்கள் சுழன்றன. ஒவ்வொன்றிலும் 'இங்கே எழுத்து வரும்' என்று மாதிரி வரி.

"படி நாலு இருக்கே, டெரிக்," என்றாள் வடிவமைப்பாளனிடம். "முகமூடி போடணும். காப்பறைக்குள்ள போகணும். கதவை மூடணும். அப்புறம் சிவப்புத் திருகைத் திறக்கணும்."

"மூணா சுருக்கிடுங்களேன், அக்கா. நாலாவது வட்டம் வச்சா மூக்குமேல வந்து உட்காரும்."

"எதை விடச் சொல்ற? கதவை மூடினா உள்ள ஆறு நிமிஷக் காத்துதான். திருகைத் திறந்தாத்தான் சேமக்கலனிலேருந்து காத்து வரும்."

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்க்கா."

"எந்தப் பக்கம் திருப்பணும், சொல்லு."

டெரிக் கூரையைப் பார்த்தான். அப்போது தரை அதிர்ந்தது.

விண்கல் ஒன்று மேற்குக் கூரையைக் கீறியிருந்தது. சங்கு ஒலித்தது. இரண்டாயிரம் பேரின் விழிகளில் புதிய பக்கம் விரிந்தது. இங்கே எழுத்து வரும். இங்கே எழுத்து வரும். இங்கே எழுத்து வரும்.

மேற்குப் பகுதிப் பள்ளியில் அமுதவாணியின் மகள் நிறைமதி இருந்தாள்.

"மாத்து, டெரிக்."

"முத்திரை போட்டது, அக்கா. மன்ற உறுப்பினர் அஞ்சு பேர் கைரேகை இல்லாம திறக்காது."

வடிவமே இல்லாத பக்கம் ஒன்றுதான் மிச்சம்: உணவுக்கூடப் பட்டியல். வெறும் வரிகள். அதை அழகுபடுத்தவும் யாருக்கும் தோன்றவில்லை, பூட்டவும் தோன்றவில்லை. அதில் எது மாறினாலும் உடனே எல்லோர் விழியிலும் மேலெழுந்து தெரியும். பசிக்காக வைத்த ஏற்பாடு. அமுதவாணி கீரைக்கூட்டை அழித்துவிட்டு நான்கு வரி தட்டினாள். கடைசி வரி: 'சிவப்புத் திருகை இடப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள்.'

சுவர்ப் பலகையில் காப்பறைகளின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பள்ளியின் விளக்கு மட்டும் சிவப்பாகவே நின்றது. நான்காம் நிமிடம். ஐந்தாம் நிமிடம். பிறகு அதுவும் பச்சையானது.

"ரொம்ப இறுக்கமா இருந்துச்சும்மா," என்றது பள்ளியிலிருந்து இணைப்பில் வந்த நிறைமதியின் குரல். "எட்டுப் பேர் சேர்ந்து திருப்பினோம். மதியம் கீரைக்கூட்டு நிஜமாவே இல்லையா?"

விபத்தை ஆராய மன்றம் அமைத்த விசாரணைக் குழு நெகிழ்ந்துபோனது. 'வெண்பரப்பு, நான்கே வரிகள். துணிச்சலான எளிமை' என்று வடிவமைப்பு விருது அறிவித்தது. இனி எல்லாப் பக்கங்களும் அதே வார்ப்பில்தான் என்று மன்றம் தீர்மானித்தது.

அடுத்த வாரம் நீர்மீட்புப் பக்கம் அமுதவாணிக்கு வந்தது. வெண்பரப்பு, நான்கு வரிகள், மன்ற முத்திரை. கழிவுநீரைக் குடிநீராக்கும் படிகளோ ஒன்பது.

"எல்லாம் ரெடி, அக்கா. வாசகம் மட்டும்தான் பாக்கி," என்றான் டெரிக்.

இடம் காலியாகத் தெரியக் கூடாதே என்று மாதிரிக்கு எதையோ நிரப்பியிருந்தான். அவள் உற்றுப் பார்த்தாள். முகமூடி அணியுங்கள். காப்பறைக்குள் செல்லுங்கள். கதவை மூடுங்கள். சிவப்புத் திருகை இடப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள்.