அவங்கதான்

உள்ளே மெஷின் ஓடும்வரைதான் அவளுக்கு நிம்மதி. கண்ணாடிக் கடையின் பின்னறையில் அண்ணன் லென்ஸ் தேய்க்கும் அந்தச் சத்தம் நின்றால், கவுண்டரில் விரித்திருக்கும் நாவல் இழுப்பறைக்குள் போயாக வேண்டும். "இன்னொரு தடவை கதைப்புஸ்தகத்தோட பார்த்தேன்... கடைக்கே வரவேண்டாம், வீட்டுல இரு" என்று சொல்லியிருந்தான். சொன்னால் செய்பவன்.

நாவலிலும் அப்படித்தான் ஓர் ஊர். பெண்கள் அந்நிய ஆணிடம் பேசக்கூடாது. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது. அங்கே ஒரு கொலை. பார்த்தவள் அந்த வீட்டு மருமகள் மட்டும். போலீஸ் கேட்டபோது அவள் சொன்னது ஒரே வார்த்தை... 'அவங்கதான்.' மாமியாரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

"கண்ணாடி உடைஞ்சுபோச்சுங்க..."

நிமிர்ந்தாள். மழையில் தொப்பலாக நனைந்து ஒருவன்.

"எப்படி உடைஞ்சுது?"

"மாடு முட்டிடுச்சு. நான் மாட்டு டாக்டர்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அளவுகோலை அவன் மூக்கின்மேல் வைத்தாள். இரண்டு கண்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். அதற்கு அந்தக் கண்களைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஈரமான இமைகள்... எதையும் ஒளிக்கத் தெரியாத பார்வை... அளவு மறந்துபோய் மறுபடி அளந்தாள்.

"மாமியார்னுதான நெனைக்கிறீங்க?"

அவன் பார்வை நாவலின் மேல் இருந்தது. கிட்டப்பார்வைக்காரனுக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் தெரிந்து தொலைக்கிறது.

"முடிவைச் சொல்லிடாதீங்க... ப்ளீஸ்."

"சொல்லல. அந்தப் பொண்ணு சொன்ன வார்த்தையை மட்டும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க."

மெஷின் நின்றது.

அண்ணன் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். மாட்டு டாக்டர் சாவகாசமாக நாவலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். "என்னுதுங்க."

அப்பாடா என்றிருந்தது. ஆனால் முடிவும் அவனோடு போய்விட்டதே. திரும்பி வருவானா... வந்து, அண்ணனுக்குத் தெரிந்துவிட்டால்...

வந்தான். திருகாணி கழன்றுவிட்டதாம். அப்புறம், மறுபடியும் மாடு முட்டிவிட்டதாம்.

"அந்த மாடு கண்ணாடியைக் குறி பார்த்துத்தான் முட்டுமா?" என்றான் அண்ணன். சிரிக்காமல் கேட்டான்.

அடுத்த மழை நாளில் நாவலைக் கவுண்டரில் வைத்துவிட்டு மாட்டு டாக்டர் வாசலுக்குப் போனான். விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கியவள் காதில் மெஷின் நின்றது விழவேயில்லை.

"இதை யார் குடுத்தது?" பின்னால் அண்ணன்.

யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதாகச் சொல்லலாம். தப்பித்துவிடலாம். பொய் மட்டும் வரவில்லை.

"அவங்க."

"எவங்க?"

"அவங்கதான்..." வாசலைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. அண்ணி அண்ணனைச் சொல்லும் அதே வார்த்தை, அதே குழைவு. அண்ணனுக்கா அது புரியாது?

அவன் அவளைப் பார்த்தான். வாசலில் நனைந்துகொண்டு நின்றவனைப் பார்த்தான்.

"ஒளிச்சு வெச்சுப் படிக்காத. கண்ணு கெட்டுடும்," என்றான் கடைசியில். "வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட பேசச் சொல்லு... அவங்கள."

உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது. தேய்க்க வேண்டிய லென்ஸ் ஒன்றுகூடப் பாக்கியில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மாட்டு டாக்டர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். "மாடு ஒரு தடவைதாங்க முட்டுச்சு. மத்ததெல்லாம்... உங்களைப் பார்க்கத்தான்." பிறகு மெல்லக் கேட்டான். "கொலை பண்ணது யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது," என்றாள், அந்தக் கண்களை நேராகப் பார்த்து. "புருஷன்."