எட்டுச் செலவுக்கு ஒரு ரோச்

"படையலுக்கு ஒண்டா, ரெண்டா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் சாஹுல் ஹமீட் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பூமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். செத்தது ஒருவர்தான் என்று ஊராருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. புருஷன் பாலசிங்கத்தை அலை தலைமன்னார்க் கரையில் கொண்டுவந்து போட்டது உண்மைதான். அதே படகில் போன மகன் நிறோஜனை இன்னும் காணவில்லை. காணாதவன் செத்தவனாகிவிடுவானா? அக்கரைப் படகுக்காரர் யாராவது தூக்கியிருப்பார்கள், இன்றைக்கோ நாளைக்கோ போன் வரும். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

"ஒண்டு காணும், ஹமீட் நானா," என்றாள்.

அவள் ரோச் என்று கேட்டதும் முதலில் அவர் வெளிச்சம் அடிக்கிற ரோச்சுகளைத்தான் பரப்பினார். இது நெருப்புக்கு, சுருட்டுப் பற்றவைக்க என்று அவள் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. பாலசிங்கத்துக்குச் சுருட்டு இல்லாமல் கடல் இல்லை. கடற்காற்றில் ஒரு சுருட்டுப் பற்றுவதற்குள் அரைப்பெட்டி நெருப்புக்குச்சி போய்விடும். காற்றுக்கு அணையாத நெருப்பொன்று வாங்கித் தரும்படி அவர் அரித்துக்கொண்டே இருந்தார். பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று அவளும் கடத்திவிட்டாள். இப்போது நினைத்தால் நெஞ்சு எரிந்தது.

எதை வாங்குவதென்று போனில் படம் பார்த்துப் பாடமாக்கி வைத்திருந்தவன் நிறோஜன். மஞ்சள் நெருப்பு ஆடும், ஊசிபோல நீலமாகச் சீறுவதுதான் வேண்டும். காஸ் எவ்வளவு கிடக்கிறதென்று பார்க்கச் சின்னக் கண்ணாடி வேண்டும். முக்கியமாக, தானாகப் பற்றாமல் பூட்டிவைக்க லொக் வேண்டும், இல்லாவிட்டால் சாரத்து மடிக்குள்ளேயே பற்றிவிடும். லொக்கைத் திறக்க அப்பாவுக்கு ஒருநாளும் வராது, நான்தான் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தான். அவன் சொன்னபடியே பூமணி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கைக்கு அடக்கமான கறுப்பு ரோச் ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். லொக்கைத் திறக்கப் பக்கத்துக் குமிழைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றதை அமத்த வேண்டும் என்று சாஹுல் ஹமீட் காட்டினார். புதிதில் காஸ் இருக்காது, நிரப்ப வேண்டும் என்றார். அவள் காஸ் ரின்னும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் பாலசிங்கத்தின் அக்கா இராசமலர் மச்சாள் கறிகளை இறக்கி, அறைக்குள் இரண்டு வாழையிலை போட்டிருந்தாள். பூமணி ஓர் இலையைச் சுருட்டி எடுத்துவிட்டாள். மச்சாள் அழுதாள். பிறகு, ஓலைக் கூரைக்குக் கீழே காஸ் நிரப்பி வைக்க வேண்டாம், ஆசைப்பட்ட பொருளைக் கண்ணில் காட்டினால் போதும் என்றாள். அதனால் வெறும் ரோச்சைத்தான், லொக் போட்டபடி, சுருட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். குத்துவிளக்கு எரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளி விறாந்தையில் வந்து இருந்தார்கள். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று செத்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்வரை ஒருவரும் உள்ளே பார்க்கக் கூடாது.

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. பனைகளுக்குள் காற்று விழுந்து புரள்வதும், ஒழுங்கையில் கழுதையொன்று குப்பையைக் கிளறுவதும், அதற்கப்பால் கடல் ஓயாமல் இரைவதும் கேட்டுக்கொண்டே இருக்க, கதவிடுக்கால் வந்த மீன்குழம்பு வாசத்துக்குள் பாசியும் உப்பும் ஊறிய வேறொரு வாசம் மெல்ல மெல்லக் கலந்து, கடைசியில் அதுமட்டுமே மிஞ்சியது. கதவுக்குக் கீழே தெரிந்த விளக்கு வெளிச்சம் ஒருமுறை சாய்ந்து அணைந்துபோனது.

டிக்.

மச்சாள் அவளுடைய கையைப் பிடித்தாள்.

டிக். டிக்.

வெறும் ரோச். காஸ் இல்லாத ரோச்சை யாரோ அமத்திக்கொண்டிருந்தார்கள். பூமணிக்கு முதலில் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. வந்துவிட்டார். கேட்ட பொருளைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதும் அவருக்கு நெருப்பில்லாமல் பண்ணிவிட்டேனே என்று மனம் பதைத்தது.

டிக். டிக். டிக்.

அவள் அழுகை நின்றது.

லொக்கைத் திறந்தது யார்?

பாலசிங்கம் அப்படியொரு சாமானைக் கையால் தொட்டதில்லை. எதையும் ஒருமுறை தட்டிவிட்டுப் பொறுமையாக இருப்பவர். இது ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கித் தட்டும் அவசரக் கை. கிணற்றடி மறைப்புக்குப் பின்னால், அம்மாவுக்குத் தெரியாதென்று நினைத்து, புகைக்க லைற்றரை அப்படித் தட்டுகிறவன் ஒருவன் இருந்தான். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாததுபோல இருந்துவிடுவாள்.

இல்லை. அவராகத்தான் இருக்க வேண்டும். கடவுளே, அவராகவே இருக்கட்டும்.

அவள் காஸ் ரின்னை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"போகாதை பூமணி, அவர் சாப்பிடுற நேரம்," என்றாள் மச்சாள்.

பூமணி கதவைத் திறந்து உள்ளே போனாள். இருட்டு. காலின்கீழே நிலம் நனைந்திருந்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டாள். "நீங்கள்தானே?"

இருட்டுக்குள் அவள் நீட்டிய கையில் ரோச் வந்து இருந்தது. கடலுக்குள் கிடந்ததுபோலக் குளிர்ந்தது. அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து, தடவித் தடவி ரின்னின் மூக்கை வைத்து அமத்தினாள். ஸ்ஸ் என்று காஸ் இறங்கியது. நிரம்பியதும் திரும்ப நீட்டினாள்.

ஈர விரல்கள் வாங்கிக்கொண்டன.

டிக்.

நீல நெருப்பு. ஆடவில்லை. ஊசிபோல நின்றது.

அதற்குப் பின்னால் முகம்.

நிறோஜன்.

தலைமயிரில் பாசி. கண்களை மீன்கள் விட்டுவைத்திருக்கவில்லை. வாயில் அப்பாவின் சுருட்டு.

கண் இல்லாமலும் அவனுக்குத் தெரிந்தது. அம்மா வந்து நிற்கிறாள் என்று தெரிந்ததும், வாயிலிருந்த சுருட்டைச் சட்டென்று எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான்.