பின் சீட்டின் பாரம்

ஜீப்பின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த ரத்தினசாமிக்கு அது முதலில் காதில்தான் பட்டது. யாராவது பின்படியில் கால் வைத்து ஏறும்போது துருவேறிய பட்டை ஸ்பிரிங் போடும் இழுத்த முனகல் அது. அதைத் தொடர்ந்து, பெஞ்சுப் பலகையில் ஒருவர் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து, தனக்கு இடம் சரிசெய்துகொள்ளும் கிறீச்சொலி. மழைக்கு ஒதுங்கிய கங்காணிதான் ஏறிவிட்டார் என்று நினைத்தான்.

"இப்ப ஏறாதீங்க கங்காணி. ஹாண்டில் போடோணும்."

"நான் எங்க ஏறுனேன்?" என்ற குரல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசலிலிருந்து வந்தது. பிச்சைமணிக் கங்காணி அங்கே கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

ரத்தினசாமி சுற்றி வந்து பார்த்தான். படுதாவிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு பெஞ்சுகளும் காலி. ஆனால் டயருக்கும் அதன் மேல் தகட்டுக்கும் நடுவில் எப்போதும் கை நுழைகிற இடைவெளியில் இப்போது விரல்கள் மட்டுமே நுழைந்தன. முன்னால் வந்து ஹாண்டிலை மாட்டி ஒரே ஒரு சுற்றுச் சுற்றினான். காலையிலிருந்து செத்துக் கிடந்த எஞ்சின் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது.

அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உடும்பஞ்சோலைக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்தின் தொழிலாளர் லயத்து வீட்டில் அவன் மனைவி மருதாத்தாள் காய்ச்சலில் கிடந்தாள். இன்று விடியும்போது அவனையே அடையாளம் தெரியாமல் விழித்தாள். தோட்டத்துக் கம்பவுண்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்குள் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் தன்னைக் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மண் சரிந்து, ஜீப் நுழையும் அளவே வழி மிஞ்சியதால் பஸ் வரவில்லை. தோட்டத்தில் இருந்த வண்டி இது ஒன்றுதான். மலை இறங்கும் வழியில், மழையில், ஆளில்லாத வளைவில் இது நின்றுவிட்டால் அதோடு முடிந்தது. பழுது எதில் என்று தெரியாமல் அவளை இதில் ஏற்ற அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கொழிஞ்சாம்பாறையில் பம்புசெட்டு எஞ்சின்களோடு வளர்ந்தவன் அவன். எஞ்சின் என்றால் அவனுக்கு மூன்று கேள்விதான். கரண்டு வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, காற்று போகிறதா. மூன்றும் சரியாக இருந்தால் எஞ்சின் ஓடியே தீர வேண்டும். காலையிலேயே பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து, கங்காணியை ஹாண்டில் சுற்றச் சொன்னான். நீலமாகப் பொறி தெறித்தது. பெட்ரோல் குழாயைப் பிடுங்கினான்; பீய்ச்சியடித்தது. பாயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். கண்டென்சரை மாற்றினான். பனியின் ஈரம் ஏறியிருக்கும் என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் காயிலையும் கழற்றி, ஏலக்காய் காய வைக்கும் அறையின் சூடான தரையில் வைத்து எடுத்தான். காயிலில் ஏலக்காய் மணம் ஏறியதுதான் மிச்சம். ஒரு நாள் தொட்டவுடன் கிளம்பும். மறுநாள் தோள் கழன்றுபோகும்வரை சுற்றினாலும் கிளம்பாது.

"இது முதலாளிக்குச் சின்னவீடு மாதிரி தம்பி," என்றார் பிச்சைமணி. "நெனச்சா சிரிக்கும், நெனச்சா மூஞ்சியத் திருப்பிக்கிரும். உங்க கோயமுத்தூரு வைத்தியமெல்லாம் இதுக்கிட்டச் செல்லாது."

"நான் கோயமுத்தூர் இல்லீங்க."

"ஏனுங்க வாங்கன்னு பேசுனா எங்களுக்கு எல்லாம் கோயமுத்தூருதான்." பீடியை இழுத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார். "எப்பருந்து இப்பிடி மக்கர் பண்ணுது?"

ரத்தினசாமி யோசித்தான். "உங்க சங்கையாவக் கொண்டுபோயி எறக்குனமுங்களே. அதுக்குப் பொறவுதானுங்க."

பீடி கங்காணியின் உதட்டிலேயே நின்றது.

சங்கையா நாற்பது வருஷம் ஏலத்துக்குக் களை வெட்டிய கிழவர். போடிக்கு முன்னால், மலையடிவாரத்துச் சிற்றூர்க்காரர். தன்னைச் சொந்த ஊர் மண்ணில்தான் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஸ்டோரின் வாசலிலேயே செத்துப்போனார். பாடையைப் பின் பெஞ்சுகளின் நடுவில் வைத்துக் கட்டி, ரத்தினசாமிதான் ஓட்டிக்கொண்டு போனான்.

"வழியில வண்டிய அமத்தலயே?" என்று கேட்டார் பிச்சைமணி.

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"எங்க பக்கம் பொணம் ஏத்துன வண்டிய ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் அமத்த மாட்டாக. சத்தம் நின்னுச்சுன்னா வந்து சேந்துட்டோம்னு நெனச்சு எறங்கிருமாம். பொறகு அது எங்கிட்டுப் போகும்? வந்த வண்டியத்தான் தேடும். அன்னைக்கு உன்கிட்டச் சொல்லித்தானே அனுப்பிச்சேன்."

"அமத்தலீங்க," என்றான் ரத்தினசாமி.

பெட்ரோல் விலை ஏறிய வருஷம் அது. மலை இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. எல்லா டிரைவர்களும் அப்படித்தான் இறக்கினார்கள். சோதனைச் சாவடி தாண்டியதும் இறக்கம் தொடங்கும் இடத்தில், பாடையோடு வந்த இரண்டு பேரும் தூங்கிவழிந்துகொண்டிருந்தபோது, அவன் கை பழக்கத்தில் சாவியைத் திருப்பியிருந்தது. காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது நினைவிருக்கிறது. அப்போது பின்பக்கம் சட்டென்று லேசாகி எழும்பியது. ஏதோ கல்லில் ஏறி இறங்கியது என்று நினைத்துக்கொண்டான்.

கங்காணி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "நான் போயிப் பொம்பளையாளுகளக் கூப்பிட்டு உன் வீட்டுக்காரியத் தூக்கிட்டு வாரேன். நீ வண்டிய அமத்தாத. எதுக்கும் அமத்தாத."

அவர் பனிக்குள் இறங்கிப் போனார். மாலைதான் அது, ஆனால் ஆடி மாசத்துப் பனி பள்ளத்திலிருந்து ஏறிவந்து ஏலச்செடிகளை விழுங்கி, மரங்களை விழுங்கி, ஸ்டோரின் கூரையை விழுங்கி, கடைசியில் அவனையும் ஜீப்பையும் மட்டும் ஒரு வெள்ளைக் குடத்துக்குள் போட்டு மூடியதுபோல நின்றது. எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். எஞ்சினின் சீரான ஓட்டம். ஈரக் கம்பளியும் பழைய வெற்றிலையும் கலந்த ஒரு வாடை படுதாவுக்குள்ளிருந்து வந்தது. அந்த வாடை அவனுக்குத் தெரிந்ததுதான். களை வெட்டுகிற கிழவர்கள் எல்லாரிடமும் இருப்பது.

கங்காணி சொன்னதை அவன் நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. பழுது பார்க்கிறவனுக்கு இருக்கிற புத்தி அவனைச் சும்மா விடவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம்.

சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் நின்றது. ஸ்பிரிங் முனகியது. பின்பக்கம் எழும்பியது.

சாவியைத் திரும்பப் போட்டுவிட்டு ஹாண்டிலைச் சுற்றினான். வெறும் இரும்பு. இன்னொரு சுற்று. இன்னொன்று. பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, காற்று இருக்கிறது. எஞ்சின் கல்லாகக் கிடந்தது. ஹாண்டிலைப் பிடித்தபடியே, மூச்சு வாங்க, குனிந்து நின்றான். பனிக்குள் ஈர இலைகளை மிதித்துக்கொண்டு யாரோ ஸ்டோரின் வாசல்வரை போனார்கள். நின்றார்கள். திரும்பி வந்தார்கள். வயதானவரின் இழுத்த நடை.

படி முனகியது. பலகை கிறீச்சிட்டது.

ஒரு சுற்று. எஞ்சின் ஓடியது.

பழுது கண்டுபிடித்தாயிற்று. அவன் வாழ்க்கையில் ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்டு அழுதது அன்றுதான்.

மருதாத்தாளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். துணைக்குப் போடிவரை வருவதாகச் சொல்லியிருந்த குருவம்மாள், நோயாளியை ஒரு பெஞ்சில் படுக்கவைத்துவிட்டுத் தானும் ஏறப் படியில் கால் வைத்தாள். எதிர்ப் பெஞ்சைப் பார்த்தாள். காலைக் கீழே வைத்தாள்.

"நான் வரல," என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

ரத்தினசாமி கணக்குப் போட்டு வைத்திருந்தான். கிழவரின் ஊர் வழியில்தான் இருக்கிறது. எஞ்சினை அணைக்காமல் அவரை அங்கே சேர்த்துவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ஒருவரை ஊரில் சேர்த்தால் ஒருத்தி பிழைப்பாள். வண்டியைக் கிளப்பினான்.

பனியில் விளக்கு வெளிச்சம் சுவரில் பட்டதுபோலத் திரும்பி வந்தது. ரோட்டின் விளிம்பை வைத்துத்தான் ஓட்டினான். பின்னாலிருந்து மருதாத்தாளின் குரல் மெல்லக் கேட்டது.

"ஏனுங்க."

"சொல்லு புள்ள."

"இந்தப் பெரியவரு கால நீட்ட எடமில்லாம குறுகி உக்காந்துட்டு வாறாருங்க. பாவமா இருக்குது."

"நீ கண்ண மூடிப் படு. பேசாத."

"குளுருது போல அவருக்கு. போர்வையில பாதி குடுத்திருக்கறனுங்க." கொஞ்சம் கழித்து, குழந்தைபோலச் சொன்னாள்: "கை எப்படிச் சில்லுனு இருக்குது தெரியுமுங்களா. நெத்தியில வெச்சா காச்சலுக்கு எதமா இருக்குது."

சோதனைச் சாவடியில் மூங்கில் கழி குறுக்கே கிடந்தது. பாஸ் இல்லாமல் ஏலக்காய் மலை இறங்காமல் பார்ப்பதற்கு ஒரு மலையாளக் காவலாளி இருந்தார். மழைக்கோட்டும் டார்ச்சுமாக வந்தார்.

"எவிடேக்கா?"

"ஆசுபத்திரிக்குங்க. பொஞ்சாதிக்குக் காச்சல். கழியத் தூக்குங்க சார்."

"எஞ்சின் ஓஃப் ஆக்கு. உள்ளே நோக்கணும்."

"ஓடட்டுமுங்க. நின்னா மறுபடி கெளம்பாது. சார், உங்க காலுல வுழுகறேன், ஓடட்டும்."

காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இத்தன பயம் எதுக்கு? என்ன வச்சிருக்கே?" என்று சொல்லிக்கொண்டே, ஜன்னல் இல்லாத ஜீப்புக்குள் கையை நீட்டி, சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் அணைந்தது.

காற்று. தண்ணீர். பின்னால் ஸ்பிரிங் முனகி எழும்பியது. ஈரத் தாரின் மேல் கால் வைக்கும் சத்தம். ஒரு கால். மறு கால். அதோடு சின்னதாக ஏதோ கிணுங்கியது, வெள்ளி கல்லில் படுவதுபோல.

ரத்தினசாமி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். இறங்கட்டும். இங்கேயே இறங்கிப் போகட்டும். போய்த் தொலையட்டும்.

டார்ச் வெளிச்சம் படுதாவுக்குள் சுற்றியது. "ஒரு பெண்ணு மாத்ரம். நல்ல பனிதான் பாவம்," என்றார் காவலாளி, காய்ச்சலைத் தன் மொழியில் பனி என்று சொல்லி, கொஞ்சம் வெட்கத்தோடு. "சரி, போ." கழி உயர்ந்தது.

இனிக் கிளம்பாது என்று தெரிந்தும் சாவியைத் திரும்பப் போட்டு, ஸ்டார்ட்டரைக் காலால் அழுத்தினான். தொட்ட மாத்திரத்தில் எஞ்சின் ஓடியது. ஹாண்டில்கூட வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளில் அவன் கேட்டிராத சுத்தமான ஓட்டம்.

இறக்கம் தொடங்கியது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"மருதா, அவரு எறங்கிட்டாரு புள்ள. இனிப் பயமில்ல. ஒரு மணி நேரத்துல போயிரலாம்."

பின்னால் போர்வை அசைந்தது. யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள்.

"யாரு எறங்குனது?"

அவளுடைய குரல்தான். அதே மெல்லிய குரல், காய்ச்சலில் கரகரத்த குரல்.

"வெரசாப் போப்பா. இருட்டுறதுக்குள்ள போயிரணும். கீழ போயி எங்கிட்டும் நிக்காம, கம்மாக்கரையில அங்கிட்டுத் திருப்பு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் ஒரு வாக்கியத்தைக்கூட 'ங்க' போடாமல் முடித்ததில்லை.

ஈரக் கம்பளி. பழைய வெற்றிலை.

கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியது. தலைக்கு மேலே, இப்போதுதான் அவன் ஓட்டி வந்த ரோடு. அங்கே பனி ஓரிடத்தில் கிழிந்திருந்தது.

மருதாத்தாள் வந்துகொண்டிருந்தாள்.

மெட்டி போட்ட வெறுங்காலோடு, போர்வை இல்லாமல், தலைமுடி அவிழ்ந்து. லயத்துப் பெண்கள் வண்டியை நிறுத்தக் காட்டுவதுபோல ஒரு கையை உயர்த்தியபடி. அவள் வாய் அசைந்தது. எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. 'ஏனுங்க' என்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

பிரேக்கை மிதித்தான். ஜீப் நின்றது. கிளச்சிலிருந்து காலை எடுக்கவில்லை. எடுத்தால் அணைந்துவிடும்.

"மருதா, அங்கயே நில்லு," என்று கத்தினான். "ரோட்டோட வா. ரோட்டோட வா புள்ள."

அவளுக்குக் கேட்கவில்லை. ரோடு வளைந்த இடத்தில் அவள் வளையவில்லை. கீழே எரிந்த விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நேராக நடந்தாள். விளிம்புக் கல்லைத் தாண்டினாள். பள்ளத்தின் மேல் காலை வைத்தாள்.

விழவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் தோளில் படிந்தது. சில்லென்ற கை. மருதாத்தாளின் கண்ணாடி வளையல்கள் அதில் ஒன்றோடொன்று உரசின.

"போப்பா," என்றது.

மேலே, வெள்ளைப் பனியின் மேல் ஒவ்வொரு அடியாக வைத்து, உயர்த்திய கையை இறக்காமல், அவள் அவனை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.