பர்மாக்காரம்மா சந்து

காலையில் பால் பாட்டிலைக் கொதிநீரில் போடுகிறேன். பவுடரைக் கலக்கி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கிறேன். பாப்பா குடிக்கிறாள். துணிகளை அலசிக் காயப்போடுகிறேன். அவளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பக்கத்து வீட்டுச் செல்லாயக்காவிடம் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் பஸ் பிடிக்கிறேன். அங்கே கணக்கு நடத்துகிறேன். சாயங்காலம் திரும்பி வருகிறேன்.

என் மனைவி யுவஸ்ரீ இறந்த பிறகு தினமும் இப்படித்தான்.

குமாரபாளையத்தில் இந்த வாடகை வீட்டுக்கு நாங்கள் வந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். நகராட்சிப் பலகையில் இந்தச் சந்துக்கு வேறு பெயர். ஆனால் ஆட்டோக்காரரிலிருந்து பால்காரர் வரை சொல்வது பர்மாக்காரம்மா சந்து. இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். பகலில் கத்தித்தான் பேச வேண்டும்.

சாமான் இறக்கும்போதே செல்லாயக்கா வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். சொந்தமாகத் தறி ஓட்டுகிறார்.

“வயித்துப் புள்ளையோட நேரா இந்த ஊட்டுக்கே வந்திருக்கறயே கண்ணு! அந்தம்மா இருந்த ஊடு இது. நானே அவங்க கையில பொறந்தவதான்.”

“பொறக்கும்போதே இத்தனை சத்தமாத்தான் பேசுனீங்களாக்கா?” என்றாள் யுவஸ்ரீ.

“போடி குசும்புக்காரி. தறிக்காரி மெதுவாப் பேசுனா எவனுக்குக் கேக்கும்?”

அன்றைக்கே கதையும் சொன்னார். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து, எப்படியோ இந்த ஊரில் ஒதுங்கிய மருத்துவச்சி அந்தம்மா. கட்டியிருந்த கைலியும் கையில் ஒரு மரக்குழலும்தான் சொத்து. பர்மாக்காரர்களைப் போல மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசிக்கொள்வாராம். பெயர் என்னவென்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சந்தில் எந்த வீட்டில் வலி கண்டாலும் எல்லாத் தறிகளையும் நிறுத்திவிட வேண்டும். அது அவர் வைத்த சட்டம். அந்த அமைதியில் வயிற்றின் மேல் குழலை வைத்து, மறுமுனையில் காதை வைத்து, குழந்தையின் துடிப்பைக் கேட்பார். சிக்கல் என்று தெரிந்தால் ஒரே ஒரு கேள்வி.

பெரிய உசுரைக் காப்பாத்தட்டுமா, சின்ன உசுரையா?

“மாமியாகிட்டக் கேக்க மாட்டாங்க. புருசனை வாசப்படியே ஏற உட மாட்டாங்க,” என்றார் செல்லாயக்கா. “யாரு உசுரோ அவங்களைத்தான் கேக்கோணும்பாங்க.”

அந்தம்மா செத்து எத்தனையோ வருடமாகிறது. இப்போது எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பிரசவத்துக்கு யாரும் தறியை நிறுத்துவதில்லை.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு மதியம், தறிகள் நின்றன.

கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தில் காவிரிக்கரைக் காக்கை கத்துவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அரைத்த மரப்பட்டையின் ஈரவாசனை வந்தது. சந்தனம் போலத்தான் இருந்தது. ஆனால் சந்தனம் இல்லை.

உள்ளறைக்குப் போனேன். யுவஸ்ரீ மல்லாந்து படுத்திருந்தாள். சேலை விலகியிருந்தது. வயிற்றின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு தடம். டம்ளரைக் கவிழ்த்து அழுத்தியது போல.

அவள் உதடுகள் அசைந்தன. பேசியது என்னிடம் இல்லை.

தறிகள் ஓடத் தொடங்கின. அவள் அலறினாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். குழந்தை பிழைத்தது. ரத்தம் நிற்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு செல்லாயக்கா மெல்லச் சொன்னார். அவர் மெல்லப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“அன்னிக்குத் தறியை யாரும் நிறுத்தலைங்க தம்பி. மோட்டாரு ஓடுது. தறி ஓடலை.”

அப்புறம் பல மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பாப்பா தவழ்ந்தாள், சுவரைப் பிடித்து நின்றாள். போன வாரம் செல்லாயக்கா அவளை மடியில் வைத்துக்கொண்டு, “அத்தை சொல்லு சாமி, அத்தை” என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார். பாப்பா, “த்தை” என்றாள். முதல் வார்த்தை. அக்கா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“அப்பன் வாயைத் தொறக்கறதில்லை. புள்ளை பாரு, என்னையே கூப்புடுது!”

மறுநாள் எனக்கு விடுமுறை. பாப்பாவை உள்ளறையில் பாயில் தூங்கவைத்துவிட்டு, நான் முற்றத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன்.

தறிகள் நின்றன.

அதே வாசனை.

ஓடினேன். பாப்பா விழித்திருந்தாள். அழவில்லை. தன் முகத்துக்கு நேர் மேலே, மிக அருகில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை கழுத்துவரை மேலே ஏறியிருந்தது. நெஞ்சில் அந்த வட்டம். முதலில் வெள்ளையாக இருந்து, என் கண்ணெதிரே சிவந்தது.

அவள் உதடுகளைக் குவித்தாள். அக்கா சொல்லிக்கொடுக்கும்போது முயல்வாளே, அப்படி.

அவள் வாயைப் பொத்தினேன்.

“என்னைக் கேளுங்கம்மா,” என்றேன். “என்னை எடுத்துக்குங்க. என்னைக் கேளுங்க.”

யாரும் என்னைக் கேட்கவில்லை.

என் உள்ளங்கைக்குள் அந்தச் சின்ன உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. தறிகள் ஓடும்வரை.

வீட்டைக் காலி செய்யப்போவதாக அக்காவிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் பாப்பாவின் நெஞ்சைப் பார்த்தார். தொடவில்லை.

“எங்க போவீங்க தம்பி? அவங்க ஆத்தைத் தாண்டிப் பவானிக்கும் போவாங்க, பள்ளிபாளையத்துக்கும் போவாங்க. கூப்புட்ட ஊட்டுக்கெல்லாம் போவாங்க.”

“நான் கூப்பிடலையேக்கா.”



தடம் இன்னும் மறையவில்லை. டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்தார். பாப்பா நாளுக்கு நாள் தெளிவாகப் பேசுகிறாள். நேற்று “ப்பா” என்றாள். அவளைப் பேசாதே என்று எப்படிச் சொல்வது?

யுவஸ்ரீ கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் வீட்டார் கேட்டபோது, தண்ணீர் கேட்டாள் என்றேன். அவள் தண்ணீர் கேட்கவில்லை. ஆம்புலன்ஸில் மூக்கில் மாஸ்க் வைக்கும் முன் என் கையை இழுத்தாள். ஏதோ பிதற்றுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

“ஏனுங்க, சின்ன உசுருதான் வேணும்னு சொல்லிட்டேனுங்க. அந்தம்மா ஒத்துக்கலை. ‘அதுக்குப் பேச்சு வரட்டும், அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்’கறாங்க.”