அரசியின் புலம்பல்

எல்லோரும் பாடி முடித்த பிறகும் ஒரு குரல் நிற்கவில்லை.

பெரியவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். போர் ஓய்ந்த களத்தில் பெண்கள் தங்கள் புருஷன்மாரின் பிணங்களைத் தேடி அலையும் காட்சிக்கான கோரஸ் அது. வயலின்கள் மெல்ல ஏறி, அவற்றின் அடியில் செல்லோக்கள் ஈர மண்ணாய்க் கனத்து, தொலைவில் முரசுகள் புரண்டு, பெண்குரல்கள் அத்தனையும் ஒரே மூச்சில் எழுந்து, இசையமைப்பாளர் கையை இறக்கியதும் அடங்கிப்போகும். அதன்பிறகு வெறும் அறையின் இரைச்சல்தான் பதிவாகியிருக்க வேண்டும். அந்த இரைச்சலுக்குள் யாரோ முனகிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. தொட்டிலில் கிடந்து அழுத காலத்திலிருந்து அவள் கேட்டுவரும் குரல். தங்கையின் குரல்.

வெளியே பட்டப்பகல். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் பகலுக்கு வழியில்லை. ஏசியின் ஈர வாடை, சூடேறிய ஒயர்களின் வாடை, கண்ணாடிக்கு அப்பால் ஆளில்லாத இருட்டில் தலைகுனிந்து நிற்கும் மைக்குகள்.

அரசன் மாண்டதும் அரசி தனியாகப் புலம்பும் பாட்டை முதலில் பாடியவள் பெரியவள்தான். மாதிரிக்குத்தான் என்றாலும் உயிரைப் பிழிந்து பாடியிருந்தாள். இசையமைப்பாளர் கேட்டுவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா உன் தங்கச்சி குரல்ல ஒரு காயம் இருக்கு பாரு, அரசிக்கு அதுதான் வேணும்" என்றார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போதாதென்று, அந்த வேலைத் துடைத்துப் பளபளப்பாக்கும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்து மிக்ஸிங்கில் உட்காரவைத்தார்.

"காயமாம், காயம்," என்று முணுமுணுத்தாள். "ஒரு முள்ளு குத்தினாக்கூட ஊரைக் கூட்டுவா. நான்தானே எடுத்துவிடணும்."

தங்கை பாடியது முழுவதையும் அழித்தாள். அந்த இடத்தில் தன் மாதிரிப் பாட்டை வைத்தாள். முனகல் நின்றது.

போன் அதிர்ந்தது.

"பெரியவளே, சின்னவளுக்கு என்னமோ ஆயிடுச்சுடி." அம்மாவின் குரல் நடுங்கியது. "பேசிக்கிட்டே இருந்தா, சட்டுனு சத்தம் நின்னுபோச்சு. வாயைத் திறக்கறா, காத்துகூட வரல."

"எப்பம்மா?"

"இப்பத்தான், இந்த நிமிஷம். டாக்டர்கிட்ட போகணும், உடனே வா."

பெரியவளின் விரல் இன்னும் அழிக்கும் பொத்தானின் மேலேயே இருந்தது. முதுகில் பயம் ஊர்ந்தது. அந்தப் பயத்துக்கு அடியில் வெல்லம் கரைவதுபோல் ஏதோ இனித்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அழித்ததை மீட்க ஒரு தட்டு போதும்.

"லைன்லயே இரும்மா, இதோ கிளம்பிட்டேன்," என்று போனை மேசைமேல் வைத்தாள்.

ஒரே ஒரு தடவை. தன் குரலில் முழுசாகக் கேட்டுவிட்டு மீட்டுவிடலாம்.

பாட்டை ஓடவிட்டாள். வயலின்கள் எழுந்தன. அவள் குரல் வந்தது, அரசியின் குரலாகவே வந்தது, கண் கலங்கியது. இரண்டாம் அடியில் அது மெலிந்தது. தேய்ந்தது. அதற்குள்ளிருந்து அந்தக் காயம் பாடத் தொடங்கியது.

தன் பாட்டை நிறுத்தினாள். குரல் நிற்கவில்லை. செல்லோக்களை அணைத்தாள். முரசுகளை. கோரஸை. ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

பாடிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரில் இல்லை. கண்ணாடிக்கு அப்பாலும் இல்லை. தொண்டையில் கை வைத்தாள். அதிர்ந்தது.

"அப்பாடா! குரல் வந்துடுச்சா சின்னவளே!" போனில் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. "நீ அக்கா பக்கத்துலயா இருக்கே? அப்ப... இங்க என் மடியில படுத்திருக்கறது யாரு?"

அம்மா என்று கத்தப் பார்த்தாள். புலம்பல்தான் வந்தது. மீட்கும் பொத்தானைத் தட்டினாள். மறுபடி. மறுபடி. இரு கைகளாலும் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் வழிந்தது பாட்டு. மூச்சு வாங்கவே இல்லை.

போனில் அம்மா அலறினாள்.

கறுத்த கண்ணாடியில் பெரியவள் தெரிந்தாள். கைகளுக்கு அடியில் உதடுகள் இறுக மூடியிருந்தன. தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.