கம்பி இறுகும் ஓசை

படகின் அறைக் கதவு சிக்கியது.

ஷாகுல் தோளால் தள்ளினான். மேல் மூலை சட்டத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. மழைக்கு மரக்கதவு உப்பும். இது ஃபைபர் கதவு. உப்பாது. மறுபடி தள்ளியதும் கிரீச்சிட்டுத் திறந்தது. உள்ளே நுழைந்தபின் அது அவன் முதுகுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலைக்குப் பின்புறம் அவன் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, ஆட்டோக் கூரை, எப்போதாவது ஒரு படகு. இப்போது பட்டறை நடுவில் கட்டைகள்மேல் நிற்பது ஒரு பழைய பாய்மரப் படகு. பாய்மரம் அதில் இல்லை. இரண்டாக முறிந்து வெளியே மதிலோரம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. கம்பிகளும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கும் உயரத்துக்கு, நிறுத்தினாலும் நிற்காது.

கதவு சிக்குவதற்கு என்ன அர்த்தம் என்று ஃபிரெடிதான் கண்டுபிடித்தான். அவன் இந்தப் படகை ஓட்டியவன். பழைய ஃபைபர் உடம்பு வெளியே கல்லாகத் தெரியும், உள்ளே இளகியிருக்கும். பாய்மரத்தை நிறுத்தும் கம்பிகளை இறுக்கினால் அவை பக்கங்களை மேலே இழுக்கும், மரம் நடுவைக் கீழே அழுத்தும், படகு முழுக்க வில்லாக வளையும். கதவுச் சட்டம் கோணும்.

"மீட்டரே வேணாம் பாய். கதவு சிக்குச்சா, போட்டுக்கு வயித்த வலிக்குதுன்னு அர்த்தம்," என்பான்.

இழுக்கக் கம்பியே இல்லாத படகு எதற்கு வளைய வேண்டும்?

ஷாகுல் அதை யோசிக்க விரும்பவில்லை. வேலை இருந்தது. ஃபிரெடியின் கூட்டாளி ஜெபராஜ் நாளைக் காலை வந்து படகின் உள்ளே பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அறையின் நடுச்சுவர் ஓரத்தைத் தேய்த்து, புது ஃபைபர் விரிப்பு ஒட்டி, பெயின்ட் அடித்துவிட வேண்டும். பாய்மரத்தின் முழு எடையும் அந்தச் சுவர்மேல்தான் இறங்கும். அந்தச் சுவர் படகின் பக்கத்திலிருந்து விட்டுப் பிரிந்திருந்ததைப் போன மராமத்திலேயே அவன் பார்த்திருந்தான். நகம் நுழையும் அளவு இடைவெளி. சரிசெய்ய வேண்டுமானால் அறையையே பிரிக்க வேண்டும். படகு அந்த வாரமே தண்ணீரில் இறங்கியாக வேண்டும். பட்டி பூசி மறைத்தான்.

பிறகு ஃபிரெடி போன் செய்தான். "காலைல டைட் பண்ணா மத்தியானம் தொங்குது பாய். இது இன்னா கம்பியா, ரப்பரா?"

ஷாகுலுக்குத் தெரியும், இளகுவது கம்பி இல்லை. "புதுக் கம்பி அப்படித்தான். இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு," என்றான்.

பாய்மரம் சாய்ந்தபோது ஃபிரெடி அதற்கடியில் இருந்தான்.

கல்லறைத் தோட்ட வாசலில் ஃபிரெடியின் மனைவி ஜான்சி, எப்படி நடந்தது என்று கேட்டாள். "ஓவரா டைட் பண்ணிட்டான் சிஸ்டர்," என்றான் ஷாகுல். அவள் நம்பினாள். நம்பியதோடு விடவில்லை. "அவரு கை அப்படித்தான் பாய். வீட்டுல ஒரு குழாய உருப்படியா விட்டதில்ல. உங்க வேலைக்கும் கெட்ட பேரு. மன்னிச்சுக்கோங்க," என்றாள். அந்த மன்னிப்பையும் அவன் வாங்கிக்கொண்டான்.

இன்று மாலை ஃபிரெடியின் ரெயின்கோட்டை எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தாள். அது இந்த அறைக் கொக்கியில் மாட்டியிருக்கும்.

சுவரைத் தேய்க்கக் கிரைண்டரை எடுத்தபோது கரன்ட் போனது. மழை இருட்டு வட்ட ஜன்னலை அடைத்தது. செல்போன் வெளிச்சத்தைப் போட்டான். கொக்கி காலியாக இருந்தது.

ரெசின் வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்ல எழுந்தது, மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் படகில் இருக்கக்கூடாத ஈர உப்பின் வாடை. கூரைத் தகட்டில் அடித்துக்கொண்டிருந்த மழை, இப்போது அவன் தலைக்கு நேர் மேலே, படகின் தளத்திலேயே சொட்டத் தொடங்கியது. அந்தச் சொட்டுகளுக்கு இடையே ஒரு முனகல். மின்கம்பம் முனகுவதுபோல. காற்றில் கம்பி பாடுவதுபோல.

பிறகு ஒரு திருகல். இரும்பில் இரும்பு.

முனகல் ஒரு சுருதி ஏறியது.

வெளிச்சத்தைச் சுவரோரம் திருப்பினான். அவன் பூசிய பட்டி உதிர்ந்திருந்தது. நகம் நுழைந்த இடத்தில் இப்போது விரல்கள் நுழையும். நம்ப முடியாமல் நான்கு விரல்களையும் உள்ளே விட்டான். ஈரம். குளிர்.

மேலே கம்பியை இறுக்கும் திருகு எதிர்ப்பக்கம் சுழன்றது.

முனகல் தாழ்ந்தது. படகின் பக்கம் இறங்கியது. இடைவெளி மூடியது, அவன் விரல்களின்மேல்.

கத்தினான். இழுத்தான். வரவில்லை. போன் கீழே விழுந்து அணைந்தது. மறுகையால் கதவைத் தள்ளினான். கதவு அசையவில்லை.

"பாய்? உள்ளயா இருக்கீங்க?"

ஜான்சி. ஜன்னலுக்கு வெளியே அவள் புடவையின் வெள்ளை தெரிந்தது.

"இங்கதான் சிஸ்டர்." மூச்சு முட்டியது. "கை மாட்டிக்கிச்சு."

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "எப்ப மாஸ்ட்ட நிறுத்தினீங்க?"

பாய்மரம் மதிலோரம் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடந்தது.

"கூரைய உடைச்சா நிறுத்தினீங்க? மழையெல்லாம் உள்ள கொட்டுதே."

தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தான். எலும்பில் ஏதோ நொறுங்கியது. சொல் வரவில்லை.

"மேல யாரு பாய்? முதுகைக் காட்டிகினு உக்காந்திருக்காரு." புடவையின் வெள்ளை ஓரடி நெருங்கியது. "ரெயின்கோட் அவரோடதுதான்."

மழை.

"அவரு கைமேல தப்பு இல்லதானே பாய்?"

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம். நான்தான் சொன்னேன்.

"டைட் பண்ணதுதான்," என்றான். "அவன்தான்."

திருகு தளர்ந்தது. விரல்கள் நசுங்கின. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது.

ஜான்சி மறுபடி பேசியபோது அவள் குரல் தணிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் புருஷன் கேட்டதை விருந்தாளிக்கு எடுத்துச் சொல்கிற குரல்.

"இன்னும் கொஞ்சம் டைட் பண்ணவான்னு உங்களைக் கேக்கறாரு."

இறுக்கினால் பக்கம் மேலே போகும். இடைவெளி திறக்கும். கை வரும்.

இறுக்கினால் சுவர் விடும். மரம் சாயும்.

அவள் அதற்கடியில் நிற்கிறாள்.

"பாய்?"

"பண்ணச் சொல்லுங்க," என்றான் ஷாகுல்.

திருகு சுழன்றது. மறுபடி. மறுபடி. படகின் மூக்கு மேலே எழும்ப, முன்கட்டை தரையில் சரிந்து விழுந்தது. சுவர் நீளமாக வாய் பிளந்தது. கை வெளியே வந்தது.

வட்ட ஜன்னலில் ஜான்சியின் முகம். அண்ணாந்திருந்தது. மழை அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

மழை நின்றது, அவள் முகத்தில் மட்டும். நெற்றியின்மேல் ஒரு ஒடுங்கிய நிழல். அகலமாகிக்கொண்டே வந்தது.